நாலு ஸ்டாப்பு வெளிச்சம்

வண்டிய அந்தத் தூண் ஓரமா விடாதீங்க தம்பி. இந்தப் பக்கம் விடுங்க. ஒண்ணுமில்ல, அப்பப்ப பூச்சு உதிரும், சீட்டு மேல விழுந்தா அப்பறம் என்னத்தான் திட்டுவீங்க. நீங்கதான போன்ல பேசினது, லென்ஸ் பாக்கணும்னு? நான்தான் வேதாசலம். டெலிபோன்ஸ்ல முப்பத்தாறு வருஷம், ரிட்டயராகி அஞ்சு வருஷம் ஆச்சு. இந்த பில்டிங்கோட அசோசியேஷன் செக்ரட்டரியும் நான்தான். ஆறு வீடு. இப்ப குடியிருக்கறது மூணு.

இந்த சத்தமா? பக்கத்து மனையில மோட்டாரு. ரெண்டு அடுக்கு பேஸ்மென்ட் தோண்டறாங்க. தோண்டத் தோண்ட ஊத்து, எறைக்க எறைக்கத் தண்ணி. ஐப்பசியில போட்ட மோட்டாரு, தை முடியப்போகுது, இன்னும் நிக்கல. பழகிடும் தம்பி. இப்பல்லாம் கரன்ட் போயி அது நின்னாத்தான் எனக்குத் திக்குனு இருக்கு.

இந்தாங்க. அம்பது எம்எம். எண்பத்தி மூணுல என் சித்தப்பா பையன் மஸ்கட்லேர்ந்து கொண்டாந்தது. டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள ஒரு பூஞ்சை இருந்தா என் பேர மாத்திக்கறேன். பழைய லென்ஸ உங்க கேமராவுல மாட்டற ரிங்கு வாங்கி வெச்சிருக்கீங்கள்ல? மாட்டுங்க. அழுத்தாதீங்க, தானா உக்காரும். ஆங். இப்ப ஸ்க்ரீனப் பாருங்க, எஃப் நம்பர் இருக்கற எடத்துல வெறும் ரெண்டு கோடு காட்டுதா? கெட்டுப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. உங்க கேமராவுக்கு லென்ஸ் மாட்டியிருக்குன்னே தெரியாது. புது லென்ஸுன்னா கேமராவோட பேசும், இது ஊமை. எவ்வளவு தெறந்திருக்கு, எவ்வளவு மூடியிருக்குன்னு நீங்கதான் வளையத்தத் திருப்பி ஞாபகம் வெச்சுக்கணும்.

கத்துக்கோங்க, இது முக்கியம். மொதல்ல ரெண்டுல வெச்சு, அதாவது முழுசாத் தெறந்து, ஃபோகஸ் பண்ணணும், அப்பதான் பளிச்சுனு தெரியும். அப்பறம் எட்டுக்குத் திருப்பி மூடணும். திருப்பினப்பறம்தான் வெளிச்சம் அளக்கற மீட்டர் பாக்கணும். மீட்டர் பாத்து ஷட்டர வெச்சுட்டீங்க, சரி, கடைசியா ஃபோகஸ ஒரு தரம் பாத்துடலாம்னு மறுபடி ரெண்டுக்குத் தெறக்கறீங்க பாருங்க, அங்கதான் வினை. எட்டுக்குத் திரும்ப மூட மறந்தீங்கன்னா தொலஞ்சுது. நாலு ஸ்டாப்பு. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ரெட்டிப்பு, ஆக பதினாறு மடங்கு வெளிச்சம் உள்ள பூந்துடும். படம் சலவைக்குப் போயி வந்த வேட்டி மாதிரி வரும்.

இது ஒரு சாதாரண விஷயம். இதச் சொன்னா இந்த பில்டிங்ல சில பேருக்கு மண்டையில ஏறவே இல்ல. அதான் தம்பி என் ஆத்திரம். ஏன் விக்கறீங்கன்னு போன்ல கேட்டீங்க இல்ல? விக்காம என்ன பண்றது? நாலு மாசம் ஒருத்தன் வேல மெனக்கெட்டு ஆதாரம் சேத்து வெச்சா, அத நம்பாம மூட்டையக் கட்டிட்டுப் போறாங்க. எனக்கென்ன தலையெழுத்தா?

தோ, அந்தத் தூண்தான். அக்டோபர்ல விரிசல் விட்டுது. முடி மாதிரி இருந்துதுன்னு இவங்க சொல்வாங்க. அதுக்கு வர்றேன். பக்கத்து மனைக்காரன்கிட்ட போய்க் கேட்டோம், உங்க தோண்டலாலதான்யான்னு. அவன் என்ன சொன்னான்? உங்க விரிசல் பழசு, வளருதுன்னா ஆதாரம் காட்டுங்கன்னான். அவ்வளவுதான? நான் இருக்கேன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம, காலம்பற பத்து மணிக்கு, அதே ஸ்டாண்டு, அதே லென்ஸு, அதே எட்டு. தரையில மஞ்ச பெயிண்ட்ல கோடு போட்டு வெச்சேன். மழ கொட்டுது, பார்க்கிங்ல கணுக்கால் தண்ணி, நான் கொடையோட நிக்கறேன். என் வீட்டம்மா மங்கையர்க்கரசி மாடியிலேர்ந்து சத்தம் போடறா, உங்களுக்குப் பைத்தியமான்னு. ஆமா, பைத்தியம்தான். இல்லன்னா ஒரு காரியம் உருப்படியா நடக்குமா?

மூணாவது மாடியில ஹபிபுல்லான்னு ஒருத்தர் இருந்தார். டைல்ஸ் கான்ட்ராக்ட். சின்ன வயசுல சித்தாள் வேல பாத்து மேல வந்தவர். நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல, ஆனா தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு ஒரு இது. அவர் என்ன பண்ணார், ஒரு கண்ணாடித் துண்டக் கொண்டாந்து விரிசலுக்குக் குறுக்க சிமென்ட் வெச்சு ஒட்டினார். விரிசல் அகலமானா கண்ணாடி ஒடையும் சார், ஒடையலன்னா நிம்மதியாத் தூங்கலாம்னார். நானும் சரி, செய்யுங்கன்னேன். பெருந்தன்மையாத்தான் விட்டேன்.

ஆனா அதுல என்ன ஆச்சு தெரியுமா? டியூப் லைட்டு நேரா அந்தக் கண்ணாடியில அடிக்குது! மீட்டருக்கு என்ன தெரியும்? பளபளன்னு ஒண்ணு முன்னாடி இருந்தா, ஐயையோ வெளிச்சம் ஜாஸ்தின்னு நம்மள ஏமாத்தும். அது சொன்னபடி ஷட்டர வெச்சா தூண் பூரா இருட்டிப்போவுது. மூணு வாரம் படம் பாழ். விரிசல் கரி அப்பின மாதிரி தெரியுது. நீங்களே சொல்லுங்க, ஆதாரம் முக்கியமா, கண்ணாடி முக்கியமா? ஒரு நாள் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பி எடுத்துட்டேன்.

எடுக்கும்போது ரெண்டா இருந்துது. நான் நெம்பினதுல ஒடஞ்சுதோ, முன்னாடியே ஒடஞ்சிருந்துதோ, அத யார் பாத்தா? ஹபிபுல்லா வந்து குதிக்கறார். என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க, ஒடஞ்சிருந்துதா முழுசா இருந்துதா, அது ஒண்ணச் சொல்லுங்கன்னு. நான் என்ன சொல்ல? எனக்கு மீட்டர் மேலதான் கண்ணு. கண்ணாடிய யார் கவனிச்சா?

டிசம்பர் ரெண்டாவது வாரம், எஸ்தர் வந்து நின்னாங்க. முதல் மாடி, இந்தத் தூணுக்கு நேர் மேல இருக்கற வீடு. நாகர்கோயில் பக்கம். தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸு, எப்பவும் நைட் டியூட்டி. புருஷன் இல்ல. ஒரே பொண்ணு, ஜெனிஃபா, பன்னெண்டாவது படிக்குது. அந்தம்மா கையில ரெண்டு படம் பிரிண்ட் போட்டு வெச்சிருக்காங்க. ரெண்டும் நான் வாட்ஸப் குரூப்ல போட்டதுதான். ஒண்ணு மொத வாரம் எடுத்தது, ஒண்ணு முந்தின ஞாயித்துக்கிழம எடுத்தது.

"சார், மொதல்ல நூலாட்டு இருந்தது இப்ப வெரல் தண்டிக்கு இருக்கே. ராத்திரி நான் இல்லாத நேரம் பிள்ள ஒத்தையில படுத்திருக்கா. தரையில டைல்ஸ் ரெண்டு எடம் வெடிச்சுப் பொட்டிருக்கு. எனக்குப் பயமாட்டு இருக்கு சார்"ங்கறாங்க.

அந்தப் படத்தப் பாத்தேன் தம்பி. பாத்த ஒடனே எனக்குப் பொறி தட்டிடுச்சு. மொத வாரப் படம் ஒரே வெள்ளை! இத்தன நாளா நானே கவனிக்கல. மொத நாள் பாருங்க, ஆர்வக் கோளாறுல ஃபோகஸுக்குத் தெறந்தவன் எட்டுக்கு மூடவே இல்ல. இப்ப உங்களுக்குச் சொன்னேனே, அதே தப்பு. நாலு ஸ்டாப்பு! அவ்வளவு வெளிச்சம் பூந்தா விரிசல் என்ன, தூணே மறைஞ்சு போவும். அதான் நூல் மாதிரி தெரிஞ்சிருக்கு. அப்ப என்ன அர்த்தம்? விரிசல் வளரவே இல்ல. மொதல்லேர்ந்தே அந்த அகலம்தான். படம்தான் தப்பு!

எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? உங்க வயசுல இருந்தா துள்ளிக் குதிச்சிருப்பேன். அன்னிக்கே கம்ப்யூட்டர்ல உக்காந்து, டிசம்பர் படத்த எடுத்து நாலு ஸ்டாப்பு ஏத்தினேன். ஏத்தி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். அச்சு அசலா ஒண்ணு! அதுவும் நூல், இதுவும் நூல். ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டு ஹால்ல மீட்டிங் போட்டு, டிவியில பெருசாக் காட்டினேன். மங்கை எல்லாருக்கும் கேசரி பண்ணிக் குடுத்தா.

ஹபிபுல்லா மட்டும் டிவியப் பாக்கவே இல்ல. கேசரியும் தொடல. "சார், நான் வெளிச்சம் கிளிச்சம்லாம் பேசல. எல்லாரும் கீழ வாங்க, வெரல விட்டுக் காட்டறேன்"னார். போனோம். சுண்டு வெரல் மொத கணு வரைக்கும் விட்டார். "அக்டோபர்ல இதுல ஒரு ரூபாக் காசு நொழையாது சார், நானே வெச்சுப் பாத்தேன்"னார்.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. உங்க வெரல் மெல்லிசு சார், அதுக்கு நான் என்ன பண்ணட்டும்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சிரிப்புன்னா சிரிப்பு, பயந்து போயிருந்தவங்க சிரிக்கற சிரிப்பு தெரியுமில்ல, அடங்கவே இல்ல. அவர் சிரிக்கல. மறுவாரமே வீட்டக் காலி பண்ணிட்டார். அவர் போனதப் பாத்து அவரோட எதிர் வீடும், ரெண்டாவது மாடியில ஒரு வீடும் கெளம்பிடுச்சு. ஆட்டு மந்த. இப்ப இருக்கறது நானு, ரெண்டாவது மாடியில கம்ப்யூட்டர் கம்பெனிப் புருஷன் பொண்டாட்டி, அப்பறம் எஸ்தர்.

எஸ்தர் போகல. அதச் சொல்லியே ஆகணும். அந்தம்மாவும் வீடு பாத்துட்டு இருந்தாங்க, ஹபிபுல்லாவே வேளச்சேரியில ஒண்ணு காட்டினாராம். மாடிப்படியில என்ன நிறுத்திக் கேட்டாங்க. "சார், பிள்ளைக்கு மார்ச்சுல பரீட்ச. இப்ப வீடு மாத்தினா அவ படிப்பு போயிரும். நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்த, இருக்கலாமா, போவட்டா? நீங்க சொன்னா நான் இருக்கேன்"னாங்க.

தாராளமா இரும்மான்னேன். நான் இருக்கேன்ல, அந்தத் தூண நான் பாத்துக்கறேன்னேன். அந்தம்மா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா முறுக்கும் கேக்கும் அந்தப் பொண்ணு கொண்டாந்து குடுத்துது. நல்ல பொண்ணு. வாசப்படியிலயே நின்னு, அங்கிள், தேங்க்ஸ்னுது. மங்கை அத உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, என்ன படிக்கப் போறேன்னு கேட்டா. சிவில் இன்ஜினியரிங்ன்னுது. நான் சிரிச்சேன்.

அத விடுங்க. லென்ஸுக்கு வாங்க. எடுத்துப் பாத்தாத்தான தெரியும்? அந்தத் தூணையே எடுங்க, எனக்கு அதுலதான் இந்த லென்ஸோட குணம் முழுக்க அத்துப்படி. மஞ்சக் கோடு தெரியுதா? அதுல நில்லுங்க. ரெண்டுக்குத் தெறங்க. வளையத்த மெல்லத் திருப்புங்க. பூச்சு உதிர்ந்த எடத்துல மணல் மணலாத் தெரியுதா? தெரியுதில்ல! அதான் ஃபோகஸு. எப்படி லென்ஸு? இப்ப எட்டு. சத்தம் வரும், எண்ணிக்கிட்டே திருப்புங்க. இப்ப மீட்டர் என்ன சொல்லுது? ஷட்டர் முப்பதா? நம்புங்க, இன்னிக்கு அங்க கண்ணாடியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. மூச்சப் பிடிச்சுக்கிட்டு எடுங்க.

எங்க, காட்டுங்க.

நல்லா வந்திருக்கு. ஆனா தள்ளி நின்னுல்ல எடுக்கணும்? ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க. விரிசல் மேல ஃப்ரேமுக்கு வெளிய போவுது பாருங்க. இல்லையா? கோட்டு மேலதான் நின்னீங்களா? எங்க, கால நகத்தாதீங்க. கோட்டு மேலதான் இருக்கு. சரி, அப்ப கேமரா குனிஞ்சிருக்கும். மேல தூக்கி இன்னொண்ணு எடுங்க.

குடுங்க.

மேல பீம்ல ஏறியிருக்கே. கை நீளத்துக்கு. இது எப்ப? என்கிட்ட இருக்கற கடைசிப் படத்துல பீம் சுத்தமா இருக்கு தம்பி. இருங்க, போன்ல இருக்கு. தோ பாருங்க, சுத்தமா இருக்கா? தேதியா? ஜனவரி இருபத்தி நாலுன்னு நெனைக்கறேன். இன்னிக்குப் பிப்ரவரி நாலு. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழம எடுக்கல. எடுக்கத் தோணல, அவ்வளவுதான். ஆதாரமெல்லாம் போதுமான அளவு சேந்துடுச்சு, ஃபைல் போட்டு முடிச்சாச்சு. எத்தனன்னு எடுக்கறது?

நீங்க எட்டுலதான எடுத்தீங்க? லென்ஸக் காட்டுங்க. எட்டுலதான் இருக்கு. ஷட்டரு முப்பது. அந்த வெளிச்சக் கோடு, மலை மாதிரி வருமே, அதப் போடுங்க. நடுவுல இருக்கு. இந்தப் பக்கமும் சாயல, அந்தப் பக்கமும் சாயல.

சரியாத்தான் எடுத்திருக்கீங்க.

இல்ல தம்பி, ஒண்ணும் தப்பில்ல. வெளிச்சம் சரியாத்தான் இருக்கு. அதான் சொல்றேன். தப்பு ஒண்ணும் இல்ல.

மேலயா? இப்ப யாரும் இருக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க எட்டு மணிக்கே போயிடுவாங்க. அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கும். எஸ்தர் இருப்பாங்க. நைட் டியூட்டி முடிச்சு வந்து தூங்கிட்டு இருப்பாங்க. ரெண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாங்க.

எழுப்பறதா? என்னன்னு சொல்லி எழுப்பறது? நீங்க இன்னிக்கு வந்தவர், உங்களுக்கு ஈஸி. நான்ல மூஞ்சியில முழிக்கணும்? அம்மா, அன்னிக்கு டிவியில காட்டினேனே, அதுல நல்ல படத்த எடுத்து கெட்ட படம் மாதிரி ஆக்கிக் காட்டிட்டேன்னு சொல்லவா? ரெண்டு படமும் ஒண்ணாத் தெரியணும்னா, தப்பா எடுத்தத சரி பண்ண முடியாது தம்பி, வெள்ளையாப் போனது போனதுதான். அதுல ஒண்ணும் மிஞ்சாது. அதனால சரியா எடுத்தத வெள்ளையாக்கினேன். அன்னிக்கு எனக்கு அது தப்பாவே தெரியல. சத்தியமாத் தெரியல. பதினோரு நாள் முன்னாடி ராத்திரி சாப்பிட்டுட்டு சும்மா பழைய படத்தல்லாம் பாத்துட்டு இருக்கும்போதுதான்...

எங்க போறீங்க? தம்பி, கேமராவ இங்க வெச்சுட்டு எங்க போறீங்க? நில்லுங்க. அந்தப் படியில ஏறாதீங்க. சொன்னாக் கேளுங்க, வேண்டாம்!

ஏனா? ஏன்னு கேக்கறீங்களே. பதினோரு நாளா நான் அதுல கால் வெக்கல தம்பி. மங்கைய அவ தம்பி வீட்ல கொண்டுபோய் விட்டுட்டேன், நானும் அங்கதான் படுக்கறேன். தூசு அவளுக்கு ஒத்துக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். எஸ்தர்கிட்டயும் அதான் சொன்னேன். அந்தம்மா மங்கைக்கு மாத்திர வாங்கிக் குடுத்து அனுப்பினாங்க.

முதல் மாடி, எடது கைப் பக்கம். பெல் வேல செய்யாது, கதவத் தட்டுங்க. சுவரோரமா மெல்ல ஏறுங்க. என் பேரச் சொல்லுங்க, வேதாசலம் சார் ஒடனே எறங்கி வரச் சொன்னார்னு சொல்லுங்க. நான் சொன்னா கேப்பாங்க.

நான் ரோட்டுல நிக்கறேன்.